மீன் எண்ணெய் மாத்திரையும் கணக்கில் வரும்
“இயற்கையானதுதானே, மார்பகப் பெரிதாக்க அறுவைக்கு முதல் நாள் வரை மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை சாப்பிடலாம்” என்று ஒருவர் சொல்லியிருப்பது சரியல்ல. ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போல இவையும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்று பல மருத்துவர்கள் ஓரிரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இம்பிளான்டைச் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) சுற்றி ரத்தம் கட்டினால் மறுபடி அறுவை அறைக்குப் போக வேண்டி வரலாம். அறுவைக்குப் பிறகு ஒரு பக்க மார்பகம் மட்டும் திடீரென வீங்கி, கல்லு மாதிரி இறுகி, வலி ஏறினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம், இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரையும் கேட்க வேண்டும். சிகரெட்டும் குறைந்தது 4 வாரம் முன்பே நிற்க வேண்டும், அது காயம் ஆறுவதையே கெடுக்கும்.