கடுகளவுகூட இல்லையாம்

அஞ்சாவது வாரத்தில் கரு கலைந்த ஒரு பெண் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறாள். அதைக் கிண்டலடித்த அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி இங்கே போடப் போவதில்லை. மூன்று நாளாக எல்லோர் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. "அஞ்சு வாரத்துல கடுகளவுகூட இருக்காது, அதுக்கு ஒரு வாரம் லீவா?" கீழே நூற்றுச் சொச்சம் ஹாஹா.

சரி, கடுகுக் கணக்கே பேசுவோம்.

அஞ்சு வாரம் என்று டாக்டர் எழுதுவது கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து. கரு உண்டாகி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். "பார்த்தீங்களா, இன்னும் கம்மி" என்று துள்ள வேண்டாம். முட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே நகர்ந்து கருப்பைக்கு வந்து, பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து நாளுக்குள் அதன் சுவரில் பதிகிறது. பதிந்ததும் ஹெச்சிஜி என்ற ஹார்மோனை அனுப்புகிறது. யாருக்கு? முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், கார்பஸ் லூட்டியம் என்று ஒன்று மிச்சமிருக்கும். இரண்டு வாரத்தில் வாடிப்போக வேண்டியது அது. அதை வாடவிடாமல் பிடித்து வைப்பது இந்த ஹெச்சிஜிதான். அது வாடாமல் இருந்தால்தான் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். கருப்பையின் உள்பூச்சு உதிராமல் நிற்கும். "நாள் தள்ளிப்போச்சு" என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அது இதுதான். கண்ணுக்கே தெரியாத ஒன்று ஒருத்தியின் மாதக் கணக்கை நிறுத்திவைத்திருக்கிறது. ஒன்றுமே இல்லையாம்!

அதே புரொஜெஸ்டிரோன் குடலையும் மந்தமாக்கும். வயிறு உப்பும், மார்பு கனத்து வலிக்கும், காலை பதினோரு மணிக்கே கண் சொக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மீட்டிங்கில் கொட்டாவி விட்டால் "நைட்டு சீரியலா?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

2016இல் எனக்குத் தெரிந்ததே கடுகால்தான். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கும் அந்த வாசனை, எனக்கு ரொம்பப் பிடித்த வாசனை, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைக்காமலே ஓடினேன். கரண்டியில் கடுகு கருகிப்போனது. அன்று சாயங்காலம் டெஸ்ட் அட்டையில் இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்காரர் ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இருந்தது.

ஹெச்சிஜி ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். எனக்கு 212 இருந்தது. இரண்டு நாள் கழித்து 180. அவ்வளவுதான்.

"இதெல்லாம் சகஜம், நிறைய பேருக்கு நடக்குது" என்பீர்கள். உண்மைதான். 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 221 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். உண்டான கருக்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரிய வருவதற்கு முன்பே முடிந்திருந்தன. இவ்வளவு ஆரம்பத்தில் கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அவள் மாடி ஏறியதோ பப்பாளி தின்றதோ இல்லை. சகஜம்தான். தெருவில் எல்லார் வீட்டிலும்தான் சாவு விழுந்திருக்கிறது. அதற்காக யார் வீட்டிலாவது பந்தல் போடாமல் இருந்தார்களா?

"அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே பெத்தாங்க." வந்துவிட்டீர்களா? உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நாற்று நட்டது என் அப்பத்தா. எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அவர் சொன்ன பதில்: "ஆறு. நாலு தங்குச்சு, ரெண்டு தங்கல." எண்பது வயதிலும் அந்தக் கணக்கைக் குறைத்துச் சொன்னதில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்பதா உங்கள் வாதம்?

அப்புறம், இதை வைத்துக் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து வேறு சுவருக்குப் போங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தவள் உடம்பிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. 2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிரிவு 9, இருவருக்கும் ஒன்றாகத்தான் சம்பளத்தோடு ஆறு வாரம் தந்தது; அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதையேதான் தருகிறது. ஆறு வாரம்! அந்தப் பெண் கேட்டது ஒரு வாரம்.

ஹாஹா போட்டவர்களில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்லவில்லைதான். "மூணு மாசம் ஆகட்டும், யார்கிட்டயும் சொல்லாத" என்றார்கள் வீட்டில். அப்புறம் "நல்லவேளை, யார்கிட்டயும் சொல்லல" என்றார்கள். சொல்லாததால் மூன்றாம் நாள் ஆபீஸ் போனேன். காய்ச்சல் என்றேன். நாப்கினும் மாத்திரையுமாகப் பையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர் எண்ட் ரிப்போர்ட் முடித்துக் கொடுத்தேன்.

நான்காம் நாள், ஏன் என்று தெரியாது, மிச்சமிருந்த இன்னொரு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஹெச்சிஜி ரத்தத்திலிருந்து இறங்க நாளாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு கோடு. இந்த முறை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தது நான் மட்டும்தான்.