ஒரு பாடத்தில் தவறினால் டிப்ளமா போய்விடாது

"டெக்சாஸில் ஐந்து ஸ்டார் தேர்வுகளில் ஒன்று போனாலும் ஹைஸ்கூல் டிப்ளமா கிடையாது, அது அமெரிக்க மத்திய அரசின் சட்டம்" என்று ஒருவர் ஒரு பதிவில் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. (ஸ்டார் என்பது டெக்சாஸ் மாநிலம் பாடவாரியாக நடத்தும் தேர்வு. ஹைஸ்கூல் டிப்ளமா என்பது பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ்.)

2015ஆம் ஆண்டு மத்திய கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளியில் கணிதம், வாசிப்பு, அறிவியல் தேர்வுகளை நடத்தத்தான் சொல்கிறது. தேறினால்தான் டிப்ளமா என்பது மாநிலம் வைக்கும் நிபந்தனை. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2024 நவம்பரில் வாக்களித்து அதை நீக்கினார்கள். தேர்வு மட்டும் தொடர்கிறது.

டெக்சாஸில் அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு ஐந்திலும் தேற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 2015 முதல் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு தேர்வுகள் வரை தேறாத பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்காகப் பள்ளி தனிக் குழு அமைக்க வேண்டும். பள்ளி முதல்வர், பாட ஆசிரியர், துறைத் தலைவர், பெற்றோர் அதில் இருப்பார்கள். வகுப்புப் பாடங்களில் தேறி, கூடுதல் பயிற்சியும், ஒரு ப்ராஜெக்டோ அந்தப் பாடத்தில் செய்த வேலைகளின் தொகுப்போ முடித்து, குழு ஒருமனதாகச் சம்மதித்தால் டிப்ளமா உண்டு.

அந்தப் பதிவைப் படித்துப் பயந்துபோன பெற்றோர் இருந்தால், தயவுசெய்து பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் இந்தக் குழுவைப் பற்றிக் கேளுங்கள்.