குழம்பு போனபிறகு வந்த சோறு

போன சனிக்கிழமை, தோழி ஒருத்தியின் பதவி உயர்வைக் கொண்டாட நாங்கள் ஐந்து பேர் ஓர் உயர்தரத் தாய்லாந்து உணவகத்துக்குப் போனோம். மூன்று வாரம் முன்பே பதிவு செய்த மேசை. இடம் அழகு, பரிமாறியவர்கள் அவ்வளவு பணிவு. சமைத்தவர்களுக்கும் கைப்பக்குவம் தெரிந்திருந்தது. ஆனாலும் வெளியே வந்தபோது யாருக்கும் மனம் நிறையவில்லை. ஏன் என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒவ்வொன்றாக வந்ததுதான் காரணம். முதலில் டாம் யம் என்னும் புளிப்பும் காரமுமான சூப், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். அதை எடுத்துப் போனதும் சோம் டம், பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் சாலட். அதுவும் போனது. அப்புறம் பச்சைக் குழம்பு, பெரிய தட்டின் நடுவில் மூன்று கரண்டி, மேலே ஒரு பூ. சோறு எங்கே என்று கேட்டோம். "அடுத்த வகையோடு வரும்" என்றார் பரிமாறியவர். சோறு வந்தபோது குழம்புத் தட்டு மேசையில் இல்லை.

தாய் மொழியில் சாப்பிடுவதற்குச் சாதாரணமாகச் சொல்லும் சொல்லே 'கின் காவ்', அதாவது சோறு உண்பது. குழம்பு, பொரியல், சாலட் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயர் 'கப் காவ்', சோற்றோடு சேருபவை. பெயரிலேயே சோறு இருக்கிறது! அங்கே ஒரு வீட்டுச் சாப்பாடு என்றால் சோற்றைச் சுற்றி நான்கைந்து வகைகள் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். எல்லாருக்கும் பொதுவான கிண்ணங்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிண்ணத்துக்குப் போவார்கள்.

இது வெறும் பழக்கம் இல்லை, சுவையே இதை நம்பித்தான் அமைந்திருக்கிறது. புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு எல்லாம் தாய் சமையலில் சமநிலையாக இருக்கும் என்று சொல்வோம். அந்தச் சமநிலை ஒரு தட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை, மேசை முழுவதிலும் இருந்தால் போதும். சோம் டம் நாக்கைச் சுட்டால் அடுத்த வாய் வெறும் சோறு. அதற்கடுத்து தேங்காய்ப்பாலில் கொதித்த குழம்பு. நாம் ப்ரிக் என்னும் மிளகாய்த் துவையல் இறால் விழுதும் மிளகாயும் சேர்ந்து அவ்வளவு உறைப்பாக இருக்கும். தனியாக ஒரு கரண்டி சாப்பிட முடியாது. பச்சைக் காய்கறியும் சோறும் பக்கத்தில் இருப்பதால்தான் அப்படி இடிக்கவே செய்கிறார்கள். இவற்றைப் பிரித்துத் தனித்தனியாகத் தரத் தொடங்கினால், ஒவ்வொரு தட்டும் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. உடனே காரம் குறைகிறது, மீன் சாஸ் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது. அன்று நாங்கள் சாப்பிட்ட ஐந்து வகையிலும் அந்த இனிப்பு இருந்தது.

தாய் சாப்பாடு தெருவில் மலிவாகக் கிடைக்க வேண்டியது, அதற்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். பச்சைக் குழம்புக்கான விழுதை ஒருமுறை உரலில் இடித்துப் பார்த்தால் போதும். பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சையின் தோல், கொத்தமல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம், இறால் விழுது. நார் தெரியாமல் அரைபடக் கை ஓய்ந்துவிடும். அப்புறம் தேங்காயின் கெட்டிப் பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் விழுதை வதக்க வேண்டும். இந்த உழைப்புக்கு விலை உண்டு, கொடுக்கலாம். பாங்காக்கில் வாணலியை வைத்துக்கொண்டு கரி அடுப்பில் சமைக்கும் ஜெய் ஃபாய் என்ற பெண்மணிக்கு, உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் சொல்லும் மிஷலின் கையேடு அந்த நகரத்துக்கு வந்த முதல் பதிப்பிலேயே, 2017 டிசம்பரில், ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2024 நவம்பரில் தென் தாய்லாந்துச் சமையலுக்கான சோர்ன் உணவகம் மூன்று நட்சத்திரம் பெற்றது. தாய்லாந்தில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் உணவகம் அது. உயர்தரம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

உயர்தரம் என்றதும் ஏன் இன்னொரு நாட்டு விருந்தின் வரிசையைக் கடன் வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஆஸ்திரேலியச் சமையல் கலைஞர் டேவிட் தாம்சன் நிறுவிய 'நாம்' என்ற தாய் உணவகத்தைப் பாருங்கள். 2001இல் லண்டனில் தொடங்கியது, 2010இல் பாங்காக்கிலும் திறந்தது, 2014இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம். அவர் காலத்தில் அங்கே முதலில் சின்னத் தின்பண்டங்கள் வரும், பிறகு சூப், சாலட், குழம்பு, நாம் ப்ரிக் எல்லாம் சோற்றோடு ஒன்றாகப் பகிர்ந்து சாப்பிட வரும். அதனால் யாரும் அதை மட்டமான இடம் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு எல்லா வகைக்கும் சாப்பிடும் குச்சிதான் (சாப்ஸ்டிக்) வைத்தார்கள். தாய்லாந்தில் குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்கு. சோற்றுக்குக் கரண்டியும் முள்கரண்டியும். முள்கரண்டியால் தள்ளிக் கரண்டியால் உண்பார்கள். அந்த மேசையில் கரண்டி கேட்டு வாங்க வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

கடைசிக்கு முன்னால் மஸ்ஸமான் என்னும் இறைச்சிக் குழம்பு வந்தது. ஐந்து பேருக்கும் ஒரே பெரிய கிண்ணம், பக்கத்தில் ஆவி பறக்கும் சோறு. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பட்டை, ஏலக்காய் மணம். அதுவரை அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தோம். "உனக்கு இறைச்சித் துண்டு கிடைத்ததா?", "இந்தக் கிழங்கை நீ எடுத்துக்கொள்" என்று கைகள் குறுக்கே போய் வந்தன. தோழி தன் புது வேலையைப் பற்றி அப்போதுதான் பேசவே தொடங்கினாள்.

கிளம்பும்போது மேலாளரிடம் இதை நிதானமாகச் சொன்னேன். அடுத்த முறை பதிவு செய்யும்போதே சொன்னால் எல்லாவற்றையும் சோற்றோடு ஒன்றாகக் கொண்டுவருகிறோம் என்றார். அடுத்த மாதத்துக்கு ஐந்து பேருக்குப் பதிவு செய்துவிட்டேன், குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன்.