எஞ்சின் எண் வேறு, ரயிலின் குறியீடு வேறு

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் பெயரை எஞ்சினின் பக்கவாட்டில் படித்துவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அங்கே இருப்பது எஞ்சினின் எண் மட்டுமே. ரயிலின் பெயரான குறியீடு கம்பெனியின் கணினியிலும் ஓட்டுநர் கையிலுள்ள தாளிலும்தான் இருக்கும். தண்டவாளத்தில் போக அனுமதி தரும்போது வானொலியில் சொல்வதும் முன் எஞ்சினின் எண்தான்.

நான் இல்லினாயின் கேல்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். பிஎன்எஸ்எஃப் என்ற ரயில் கம்பெனியின் வண்டிகளை வருஷக்கணக்கில் பார்க்கிறேன். அவர்கள் முறையில் முதல் எழுத்து வண்டியின் வகை, அடுத்த மூன்று புறப்படும் இடம், அதற்கடுத்த மூன்று போய்ச் சேரும் இடம். உதாரணமாக, இசட்-டபிள்யூஎஸ்பி-எஸ்பிடி. 'இசட்' என்றால் அவசர வண்டி. டபிள்யூஎஸ்பி என்பது சிகாகோ அருகேயுள்ள வில்லோ ஸ்பிரிங்ஸ், எஸ்பிடி என்பது கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ. வில்லோ ஸ்பிரிங்ஸ் யார்டை ஒட்டியே யுபிஎஸ் என்ற பார்சல் கம்பெனியின் நிலையம் இருக்கிறது. அதனால்தான் அந்த வண்டியில் பழுப்புநிற யுபிஎஸ் டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். நிலக்கரி ஏற்றிய வண்டி 'சி', அதுவே காலியாகத் திரும்பினால் 'ஈ'. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: சுமை இறங்கியதுமே பெயரும் மாறிவிடுகிறது.

இன்னொரு ரயில் கம்பெனியான யூனியன் பசிபிக்கில் ஊருக்கு இரண்டே எழுத்து. எம்என்பிஆர்வி என்றால் நார்த் பிளாட்டிலிருந்து ரோஸ்வில் போகும் கலப்புச் சரக்கு வண்டி.

அப்புறம், குறியீட்டின் கடைசியில் வரும் தேதி. அது வண்டி கிளம்பிய நாள், நாம் பார்க்கும் நாள் அல்ல. ஒரே பெயரில் இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் வழியில் இருக்கலாம். அவற்றைப் பிரித்துச் சொல்வது அந்தத் தேதிதான். கட்டுரையில் இதை அவசியம் சேருங்கள்.