நன்றி என்ற சொல்லை வரைந்தவன் நான்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெயில். தலைப்பு இல்லை, வணக்கம் இல்லை, எழுதியவர் பெயர்கூட இல்லை. உள்ளே இவ்வளவுதான்: "உங்க ஃபாண்ட்ல கொம்பு தனியா போய் நிக்குது. ஒழுங்கா செக் பண்ணிட்டு வெளியிட மாட்டீங்களா? என் வேலையே கெட்டுப்போச்சு."

அந்த ஃபாண்டை, அதாவது கணினி எழுத்துருவை, வரைந்தவன் நான். கொம்பு எங்கே போய் நிற்கும், ஏன் நிற்கும் என்று எனக்குத் தெரியும். 'கெ' என்று தட்டினால் கணினி முதலில் வாங்கி வைப்பது 'க', அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்தை அடுக்கிக் காட்டுகிற மென்பொருளின் வேலை. சில பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் 'வேர்ல்ட் ரெடி கம்போஸர்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். இல்லையென்றால் என்னுடையது மட்டுமில்லை, உலகத்தில் உள்ள எந்தத் தமிழ் யுனிகோடு எழுத்துருவும் உடைந்துதான் தெரியும். (யுனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஆளுக்கோர் எண் கொடுத்து வைத்திருக்கிற பொது ஏற்பாடு.) இதைத் திரையைப் படம் பிடித்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, படிப்படியாக எழுதி அனுப்பினேன். அரைமணி நேரம் ஆனது. காலையில் பதில் வந்திருந்தது.

"ஓகே."

அவ்வளவுதான். 'என் வேலையே கெட்டுப்போச்சு' என்றவர் வாயில் 'சரியாயிடுச்சு' என்று ஒரு சொல் வரவில்லை. அந்த ஓகேயைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

நான் பகலில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுத்து வரைகிறேன். யாரும் கேட்டு வரையவில்லை, ஆசையில் வரைகிறேன். முதல் எழுத்துருவை முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டேன். "ஃபாண்டுதானே, ஏ பி சி டி மாதிரி ஒரு முப்பது எழுத்து வரைஞ்சா முடிஞ்சுது" என்று என் சொந்த மச்சானே சொன்னான். சரி மாப்பிள்ளை, எண்ணிப் பார்ப்போம்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. யுனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய முதன்மைக் கட்டத்தில் 128 இடம் உண்டு, அதில் நிரம்பியிருப்பது 72 மட்டும். அப்படியென்றால் 72 வரைந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக நிற்கும், அவற்றை ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் ஓடும். ஆனால் உகரமும் ஊகாரமும் அப்படி இல்லை. 'கு' ஒரு தினுசு. 'சு', 'பு', 'வு' வேறு தினுசு. 'டு', 'மு', 'ரு' இன்னொன்று. 'து', 'நு', 'று' மற்றொன்று. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்து, ஒவ்வொன்றும் தனியாக உட்கார்ந்து வரைய வேண்டும். யாராவது 'ஙூ' என்று எங்கேயாவது தட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனாலும் 'ஙூ' வரைந்தேன், இரண்டு ராத்திரி. என்றைக்காவது ஒரு குழந்தை அரிச்சுவடியை முழுசாகத் தட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடாதே.

'டி', 'டீ' இரண்டும் யாரோடும் ஒட்டாது, அவற்றுக்குத் தனி வடிவம். பிறகு புள்ளி. புள்ளி என்ன பெரிய விஷயம் என்பீர்கள். 'ர்' ஒல்லி, 'ஞ்' குண்டு. ஒரே இடத்தில் புள்ளி வைத்தால் ஒன்றில் நெற்றியில் நிற்கும், இன்னொன்றில் காதோரம் தொங்கும். ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி எங்கே அமர வேண்டும் என்று இடம் குறித்துத் தர வேண்டும். அதற்கப்புறம் இடைவெளி பார்க்கிற வேலை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் இடிக்கிறது, எது வந்தால் பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரிகிறது என்று ஜோடி ஜோடியாகப் பார்த்து நகர்த்த வேண்டும். ஓர் எழுத்தின் உயரத்தை ஆயிரம் பங்காகப் பிரித்து, அதில் பத்துப் பங்கு இடது, ஐந்து பங்கு வலது என்று நகர்த்துகிற வேலை. கண் எரியும். முதுகு போய்விடும். வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

இதெல்லாம் போதாதென்று தமிழ் எண்கள், நாள், மாதம், வருடக் குறிகள் எல்லாவற்றையும் வரைந்தேன். கணக்கு எழுதுகிறவன் இல்லையா, பற்றுக்கு ஒரு குறி (௶), வரவுக்கு ஒரு குறி (௷) யுனிகோடில் இருப்பதைப் பார்த்ததும் ஓர் உற்சாகம். இரண்டையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வரவுக் குறி அழகாக வந்திருக்கிறது. வரவுதான் இல்லை.

உடனே காசைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். காசு வேண்டுமென்றால் காசுக்கு விற்றிருப்பேன். எனக்கு வேண்டியது ஒரு வரி. 'இதில் பயன்படுத்தினேன், பாருங்கள்' என்று ஒரு படம். எழுத்து வரைகிறவனுக்குச் சொல் கிடையாது. நான் 'அ' வரைவேன், 'ம்' வரைவேன், 'மா' வரைவேன். அதை 'அம்மா' ஆக்குவது எடுத்துக்கொண்டு போகிறவர்தான். அவர் காட்டவில்லை என்றால் நான் வரைந்தது என்னவாயிற்று என்றே எனக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார்கள். கிணற்றில் கல்லைப் போட்டால்கூட 'டொப்' என்று ஒரு சத்தம் வருமே ஐயா.

சத்தம் வராமல் இல்லை, வருகிறது. "போல்டு இல்லையா?" "சாய்வெழுத்து ஏன் இல்ல?" "பாமினியில குடுங்க, யுனிகோடு எங்களுக்கு ஒத்துவராது." (பாமினி என்பது யுனிகோடு அல்லாத பழைய எழுத்துரு முறை.) "நாளைக்குள்ள வேணும், அர்ஜென்ட்." ஆர்டர் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற தோரணை. போல்டு என்றால் பொத்தானை அமுக்கினால் எழுத்து தடித்துவிடும் என்று நினைப்பு. மூன்று சுழி 'ண'வைக் கொஞ்சம் தடிக்க வைத்துப் பாருங்கள், சுழிக்குள் வெளிச்சம் போக இடம் இல்லாமல் கரிக்கட்டையாகி நிற்கும். முக்கால்வாசி எழுத்தைப் புதிதாக வரைய வேண்டும், இன்னொரு வருஷம் போய்விடும். இதை ஒருவருக்கு விளக்கி எழுதினேன். அவர் கேட்டார்: "அப்ப எதுக்கு சார் பாதியில வெளியிட்டீங்க?"

பாதியாம்.

எல்லாவற்றையும் விட வலித்தது ஒன்று உண்டு. ஒருவர், பெரியவர்தான், நல்ல மொழியில் எழுதியிருந்தார். தன் தாத்தாவின் பழைய புத்தகத்தை அந்தக் கால எழுத்திலேயே மறுபடி அச்சிட ஆசையாம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன்னால் 'ணை', 'லை', 'ளை', 'னை' நான்கும் யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டு ஒட்டியிருக்கும். அவற்றின் ஒகர, ஓகார எழுத்துகளுக்கும் அதே சுருள்தான். அந்த வடிவங்கள் வேண்டும் என்றார். எனக்கே ஆசைதான். பழைய அச்சுப் பக்கங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் அந்தத் துதிக்கையோடு மல்லுக்கட்டினேன். 'லை' உடனே வந்துவிட்டது. 'ணை' வரவேயில்லை, மூன்று சுழிக்கு மேல் துதிக்கையும் ஏறினால் நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. கடைசியில் முதல் சுழியைக் கொஞ்சம் ஒடுக்கிச் சரிசெய்தேன். வேண்டுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி மாற்று வடிவத் தொகுப்பாக உள்ளே வைத்து அனுப்பினேன். கிடைத்ததா என்றும் ஒரு வரி கேட்டேன்.

பதில் இல்லை. சரி, வயதானவர், உடம்புக்கு என்னவோ என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த வருஷம் தற்செயலாக அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. என் 'ணை' அட்டையிலேயே கம்பீரமாக நிற்கிறது. முன்னுரையைத் திருப்பினேன். பிழை திருத்தியவருக்கு நன்றி, அட்டை வடிவமைத்தவருக்கு நன்றி, பைண்டிங் செய்தவருக்கு நன்றி, பொறுமை காத்த துணைவியாருக்கு நன்றி. இரண்டு பக்க நன்றி! அத்தனை நன்றியையும் என் எழுத்திலேயே அடித்திருக்கிறார் மனிதர். அவருக்கு ஆகாதவன் நான் ஒருத்தன்தான்.

இதைச் சொன்னால் நண்பர்கள் நியாயம் பேசுவார்கள். "நீயாத்தானே இலவசமா குடுத்த? லைசன்ஸ்ல நன்றி சொல்லணும்னு போட்டிருக்கியா?" போடவில்லை. ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ் என்ற உரிமத்தில்தான் கொடுத்தேன், 2007இல் வந்த அதன் 1.1ஆம் பதிப்பு. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, மற்றபடி பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதை வைத்து அச்சிடும் புத்தகத்தில் என் பெயரைப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன். சட்டப்படி யார் மீதும் எனக்கு வழக்கு இல்லை ஐயா. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால் உட்காருகிறவர் ஒரு தலையசைப்பு அசைக்கிறாரே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இங்கே உட்கார்ந்துகொண்டு, சீட் ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நான் எழுத்து வரைவது ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருளில். ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் 2000இல் பிஃபாஎடிட் என்ற பெயரில் தொடங்கி வெளியிட்டது, 2004இல் பெயர் மாறியது. காசு வாங்காமல் கொடுத்த மென்பொருள். அது திடீரென்று நின்றுபோகும்போதெல்லாம் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன், வாய்க்கு வந்தபடி. அவருக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேனா? இல்லை. ஒருமுறை எழுதத் தொடங்கி, என் அரைகுறை இங்கிலீஷுக்கு வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அப்படி வெட்கப்பட்டு எழுதாமல் விட்டவர்கள் என் பக்கத்திலும் சிலர் இருக்கலாம். தமிழில் ஃபாண்ட் இறக்கிவிட்டுத் தமிழில் எழுத என்ன வெட்கம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இத்தனை வருஷத்தில் மனதார எழுதியவர்கள் ஒன்பது பேர். ஆமாம், எண்ணி வைத்திருக்கிறேன், கணக்குப்பிள்ளை புத்தி. அதில் ஒரு அம்மா தன் வீட்டு ஸ்விட்ச் போர்டு முழுக்கச் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார். 'மாடிப்படி', 'வாசல் விளக்கு', 'மோட்டார்', 'இது எதற்கென்று தெரியவில்லை'. அந்தக் கடைசிச் சீட்டு உட்பட எல்லாம் என் எழுத்து. "தம்பி, பசங்க இப்ப சரியான ஸ்விட்சைப் போடுறாங்க" என்று எழுதியிருந்தார். 'மோட்டார்' என்பதில் 'ட்'டின் புள்ளி எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது தெரியுமா? அந்தப் படத்தை அச்செடுத்து மேஜைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். போல்டு கேட்டு மிரட்டுகிற மெயில் வந்தால் அதைப் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் அலுவலகத்தில் ஏதோ பயிற்சி. வெளியிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் ஸ்லைடு ஓட்டினார். எல்லாம் இங்கிலீஷ், அதனால் நான் பாதித் தூக்கம். கடைசி ஸ்லைடு மட்டும் தமிழில். சுவர் முழுக்க ஒரே ஒரு சொல்: 'நன்றி'.

என் எழுத்து. 'ற'வின் வால் வளைவு போதும், இருட்டில்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். 'ன்'னின் புள்ளியும் 'றி'யின் மேல் வளைவும் நெருங்காமல் இருக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருக்கிறேன். எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? 'ஐயா, நீங்கள் சொன்ன நன்றியை வரைந்தவன் நான்' என்றா? பைத்தியம் என்று நினைத்திருப்பார். செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவ்வளவு பெரிய அளவில் 'ன்'னுக்கும் 'றி'க்கும் நடுவே கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஒன்றரை மணி வரை உட்கார்ந்து பன்னிரண்டு பங்கு உள்ளே இழுத்தேன். புதிய பதிப்பு என்று எண் மாற்றி ஏற்றிவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் நாற்பத்து மூன்று பேர் இறக்கியிருந்தார்கள். மெயில் ஒன்றே ஒன்று.

"போல்டு வந்துடுச்சுனு நினைச்சு டவுன்லோடு பண்ணேன். டேட்டா வேஸ்ட்."