தெரிந்துகொண்டவரைத் தண்டிக்கும் சட்டம்

"எச்.ஐ.வி. இருப்பதை மறைப்பவர்களைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டம் வேண்டும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கீழே கமெண்ட் முழுக்க "உள்ளே எதுக்கு, தூக்குல போடுங்க". சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270ஆம் பிரிவுகள். 1860இல் வெள்ளைக்காரன் எழுதியவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 271, 272 என்று எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய காரியத்தை, பரவும் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், அலட்சியமாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. கெட்ட எண்ணத்தோடு செய்தால் இரண்டு வருடம் வரை. நோய் யாருக்காவது தொற்றியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொரோனா ஊரடங்கில் வெளியே சுற்றியவர்கள் மேல் போட்டார்களே, அந்த 269தான் இது.

என் சண்டை "தெரிந்தும்" என்ற நிபந்தனையோடு. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது யாருக்குத் தெரியும்? டெஸ்ட் எடுத்தவருக்கு. சந்தேகம் வந்தும், எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தின் வாசலை மிதிக்காமல் திரிகிறவர், "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். ஒழுங்காகப் போய் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, மாத்திரை சாப்பிடுகிறவர்தான் மாட்டுவார். அவருடைய ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) அட்டையே சாட்சியாகிவிடும்.

நம் வீடுகளில் யாருக்கு முதலில் தெரியவருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கர்ப்பம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், எடுக்கிற ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். பல குடும்பங்களில் இப்படித்தான் மனைவிக்கு முதலில் தெரிகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்தவன் புருஷனாகவே இருந்தாலும், மாமியார் வீட்டில் கைநீட்டப்படுவது அவளை நோக்கித்தான். இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். பரவாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அதுவும் விதிக்கிறது. ஆனால் தனக்குத் தொற்று இருப்பதைச் சொன்னால் அடிவிழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று ஒரு பெண் நியாயமாக அஞ்சினால், அவளுக்கு விலக்கு தருகிறது. பழைய பிரிவுகளில் இந்த ஈரம் கிடையாது.

1998இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரியவந்து, விஷயம் வெளியே கசிந்து, ஒருவருடைய கல்யாணம் நின்றுபோனது. ரகசியத்தை வெளியே விட்டதற்காக நியாயம் கேட்டுப் போனார். அவர் திருமணம் செய்திருந்தால் 269, 270இன்கீழ் குற்றமாகியிருக்கும் என்று சொல்லி, அவருடைய திருமண உரிமையையே நிறுத்திவைத்துத் தீர்ப்பு வந்தது. 2002இல்தான் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். விவரம் தெரிந்த பெண் சம்மதித்தாலும் கட்டிக்கொள்ள முடியாதோ என்ற நிலையில் நான்கு வருடம்!

சாத்தூரை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 டிசம்பர். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தவன் இருபது வயதைக்கூட எட்டாத பையன். 2016இலேயே ஒரு முகாமில் அவன் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருக்கிறது. தகவல் மட்டும் அவனிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததும் அவனேதான் மருத்துவமனைக்குச் சொன்னான், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கியிருக்குமா? தூக்குக் கயிறு கேட்கிறவர்கள் சொல்லுங்கள், அடுத்த பையன் இப்படி முன்வருவானா?

இன்னொன்று. மாத்திரை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. 2016லும் 2019லும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகளில், ஆணுறை இல்லாமல் உறவுகொண்ட ஜோடிகளில்கூட, அப்படிச் சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இது இன்னும் எட்டவில்லை. நீதிமன்றங்களும் நம்மைப்போல்தான் போல. அமெரிக்காவின் அயோவாவில் இப்படி வைரஸ் குறைந்த நிலையில், ஆணுறையும் போட்டுக்கொண்டு உறவுகொண்டவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தார்கள். எதிரே இருந்தவருக்குத் தொற்றவே இல்லை. 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

"அப்போ வேண்டுமென்றே ஊசியில் ஏற்றினால்?" என்று கேட்பீர்கள். அவனை விடச் சொல்லவில்லை. விஷம் வைப்பவனை எந்தச் சட்டத்தில் பிடிக்கிறோமோ, அதிலேயே இவனையும் பிடிக்கலாம். கட்டாயப்படுத்திய உறவா? அதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது. நோய்க்கென்று தனிக் குற்றம் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

காலனியச் சட்டத்தைத் துடைத்தெறிகிறோம் என்று சொல்லித்தான் புதிய சன்ஹிதாவைக் கொண்டுவந்தார்கள். 2017 சட்டம் கையில் இருந்தது, ஆய்வு முடிவுகளும் இருந்தன. சிகிச்சையில் இருப்பவருக்கு 271, 272 பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் இப்போதும் கேட்கிறேன்.