பிளானை மாற்றும் முன் ரௌட்டர் பெட்டியைப் பாருங்கள்

வைஃபை மந்தமானால் வேகமான இன்டர்நெட் பிளானுக்கு மாறச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அதைச் செய்து ஏமாந்தவன் நான். மும்பை செம்பூரில் அடுக்குமாடி வீடு. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் தங்கள் ரௌட்டரை வாசலில், செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார்கள். கேபிள் அதுவரைதான் எட்டியதாம்! கடைசி அறையில் வீடியோ கால் பேசினால் ஊரில் இருக்கும் அம்மாவின் முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

கூடுதல் பணம் கட்டியும் அதே கதை. அப்புறம்தான் லேப்டாப்பை வைஃபை இல்லாமல் லேன் கேபிள் வழியாக ரௌட்டரில் நேராகச் செருகிப் பார்த்தேன். முழு வேகம் வந்தது. ஆக, குறை லைனில் இல்லை, வைஃபையில். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடுகள் எல்லாம் அதிலேயே நெரிகின்றன. இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் உண்டு, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும்.

சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கி, பழைய பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து ஹால் நடுவில் வைத்தேன். புதியதை, கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டு, பழையதில் வைஃபையை மட்டும் அணைத்தேன். வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் பக்கம் போகாதீர்கள், மலிவானவை பாதி வேகத்தை விழுங்கிவிடும். சுவரோரம் ஓடும் கேபிள் அசிங்கமாக இருக்கிறது என்று மனைவி இன்னும் முணுமுணுக்கிறாள், அது வேறு விஷயம்.